பழைய கிராஃபிக்ஸ் கார்டு, லினக்ஸ், 1024×768-ல் சிக்கிக்கொண்ட திரை: முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் போட்டாயிற்று, டெஸ்க்டாப்பும் வந்துவிட்டது. ஆனால் எழுத்தெல்லாம் பெரிதாக, மங்கலாக, பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி தெரிகிறது. டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தால் 1024×768 ஒன்றுதான் இருக்கிறது, சில சமயம் 800×600. ஜீஃபோர்ஸ் 210, 8400 ஜிஎஸ், ரேடியான் எச்டி 5450, இன்டெல் ஜி31, ஜி41 போர்டுகள் என்று இந்த வயது வன்பொருளில் இது அடிக்கடி வரும். பெரும்பாலும் கார்டு கெட்டுப்போயிருக்காது.

புதிதாக வருகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ரெசல்யூஷனை மாற்றும் எக்ஸ்ஆர்ஏஎன்டிஆர் என்ற கட்டளையை எங்கோ பார்த்து எடுத்த எடுப்பில் அடிக்கிறார்கள், பிழை வருகிறது, இன்னொன்றை அடிக்கிறார்கள், கடைசியில் மறுபடியும் ஓஎஸ் போடுகிறார்கள். அந்தக் கட்டளை இந்த வேலையில் கடைசிக் கட்டம். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: கார்டுக்குரிய டிரைவர் ஓடவே இல்லையா, அல்லது டிரைவர் ஓடியும் மானிட்டர் தன் அளவைச் சொல்லவில்லையா? இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

கட்டளைகளை எல்லாம் தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள், விஜிஏ-1 போன்ற இணைப்புப் பெயர்களைத் திரையில் வருகிறபடியே பெரிய எழுத்தில். எக்ஸ்11 என்ற கோப்புறைப் பெயரிலும் எக்ஸ் பெரிய எழுத்து, மற்ற விதிவிலக்குகளை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். 1600×900 என்று வரும் இடத்தில் நடுவில் இருப்பது ஆங்கில எக்ஸ் எழுத்து.

1. கைவைப்பதற்கு முன்

மானிட்டரின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து, அதன் சொந்த ரெசல்யூஷன் என்ன என்று தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். 18.5 அங்குலம் என்றால் பெரும்பாலும் 1366×768, 20 அங்குல அகலத்திரை என்றால் 1600×900, பழைய 17 அங்குல சதுரத்திரை என்றால் 1280×1024. ஊகத்தில் 1920×1080 போட்டுவிட்டு வரவில்லையே என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அந்த மானிட்டரால் அது முடியவே முடியாது என்பதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

லினக்ஸ் போட்ட பென்டிரைவை அழிக்காமல் வைத்திருங்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரையில் லாகின் வருகிறதா என்று இப்போதே பாருங்கள். எஃப்1, எஃப்2, எஃப்7 இவற்றில் ஒன்றில் டெஸ்க்டாப் திரும்ப வரும், டிஸ்ட்ரோவைப் பொறுத்தது. பிறகு படம் வராமல் போனால் உள்ளே போக இதுதான் வழி, அந்த நேரத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

மூன்றாவது, திரையில் படத்தைக் காட்டும் அமைப்பு வேலாண்டா எக்ஸ்11-ஆ (எக்ஸ்ஆர்க், எக்ஸ் என்றும் சொல்வார்கள்) என்று தெரிந்துகொள்ளுங்கள். டெர்மினலில் எக்கோ என்று அடித்து, டாலர் குறியுடன் எக்ஸ்டிஜி_செஷன்_டைப் என்ற மாறியைப் பெரிய எழுத்தில் கொடுத்தால் விடை வரும். வேலாண்டில் எக்ஸ்ஆர்ஏஎன்டிஆர் ரெசல்யூஷனை மாற்றாது. லாகின் திரையில் பற்சக்கரக் குறியை அழுத்தி, எக்ஸ்ஆர்க் செஷன் இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். இந்த வயது கார்டுக்கு நான் எப்போதும் எக்ஸ்எஃப்சிஇ அல்லது மேட்டே டெஸ்க்டாப்தான் சொல்வேன், இந்தக் குழப்பமும் குறையும், இயந்திரமும் மூச்சுவிடும்.

2. எந்த டிரைவர் ஓடுகிறது?

எல்எஸ்பிசிஐ -என்என்கே என்று அடியுங்கள். நீளமான பட்டியல் வரும், அதில் விஜிஏ என்ற சொல் இருக்கும் வரியைத் தேடுங்கள். அதற்குக் கீழே “கெர்னல் டிரைவர் இன் யூஸ்” என்று ஒரு வரி இருக்கிறதா, அதில் என்ன பெயர் என்பதுதான் நமக்கு வேண்டியது. என்விடியா என்றால் நூவோ (லினக்ஸோடு வரும் திறந்த டிரைவர்) அல்லது என்விடியா, ஏஎம்டி என்றால் ரேடியான், இன்டெல் என்றால் ஐ915 இருக்க வேண்டும். அந்த வரியே இல்லையென்றால் கார்டுக்கு டிரைவர் பிடிக்கவில்லை. “கெர்னல் மாட்யூல்ஸ்” என்ற வரியில் பெயர் இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது பொருத்தமான மாட்யூல் எது என்று சொல்கிறதே தவிர ஓடுவதைச் சொல்வதில்லை.

அடுத்து எக்ஸ்ஆர்ஏஎன்டிஆர் என்று மட்டும் அடியுங்கள், பார்ப்பதற்காக. திரையின் பெயர் “டிஃபால்ட்” என்றோ “நன்-1” என்றோ வந்தால், கூடவே காமா அளவு கிடைக்கவில்லை என்று ஒரு புலம்பலும் வந்தால், பயோஸ் கொடுத்த படத்தை அப்படியே காட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் புது ரெசல்யூஷனை எத்தனை முறை சேர்த்தாலும் நடக்காது. 3, 4 ஆகிய கட்டங்களுக்குப் போங்கள்.

விஜிஏ-1, டிவிஐ-ஐ-1, எச்டிஎம்ஐ-1 என்று உண்மையான இணைப்பின் பெயர் வந்து, 1024×768-க்கு மேல் எதுவும் இல்லையென்றால் டிரைவர் சரியாக இருக்கிறது, 5-க்குப் போங்கள். அதற்கு முன் இன்டெல் போர்டு வைத்திருப்பவர்கள் மட்டும் 4-ல் இன்டெல் பகுதியைப் பார்த்துவிடுங்கள்.

3. நோமோட்செட் ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

டிரைவர் ஓடாததற்கு முதல் காரணம் இதுதான், சரிசெய்வதும் சுலபம். இன்ஸ்டால் செய்யும்போது திரை கறுத்துவிட்டது என்று “சேஃப் கிராஃபிக்ஸ்” வழியில் போயிருப்பீர்கள், அல்லது யாரோ சொல்லி நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்திருப்பீர்கள். அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் “திரையின் மோடை, அதாவது ரெசல்யூஷன் அமைப்பை, நீ தொடாதே” என்று சொல்கிறது. நூவோ, ரேடியான், ஐ915 மூன்றும் அந்தச் சொல்லைப் பார்த்தால் ஓடாமல் ஒதுங்கிவிடும். இன்ஸ்டாலர் பல சமயம் அதை நிரந்தரமாக எழுதியும் வைத்துவிடுகிறது.

ப்ராக் கோப்புறையில் இருக்கும் சிஎம்டிலைன் கோப்பைக் கேட் கட்டளையால் படியுங்கள். இப்போது ஓடும் கெர்னலுக்குப் போன சொற்கள் எல்லாம் அதில் இருக்கும். அங்கே நோமோட்செட் இருந்தால் உடனே கோப்பைத் திருத்தாதீர்கள், முதலில் ஒரு தடவைக்கு மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இயந்திரத்தை ரீஸ்டார்ட் செய்து, லினக்ஸை ஏற்றிவிடும் நிரலான க்ரப்பின் மெனு வரும்போது இ எழுத்தை அழுத்துங்கள். மெனு தெரியாவிட்டால் தொடங்கும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட். லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியில் அந்தச் சொல்லை அழித்துவிட்டு எஃப்10. இந்த மாற்றம் இந்த ஒரு பூட்டுக்குத்தான், படம் வராவிட்டால் பவரை அணைத்துப் போட்டால் பழையபடி வந்துவிடும். நேரே கோப்பைத் திருத்துகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

நன்றாக வந்தால் இடிசி கோப்புறைக்குள் டிஃபால்ட், அதற்குள் க்ரப் என்ற கோப்பை சூடோவுடன் (நிர்வாகி உரிமையோடு) திறந்து அந்தச் சொல்லை மட்டும் எடுங்கள், மேற்கோள் குறிகள் இரண்டும் அப்படியே இருக்கட்டும். அப்புறம் சூடோ அப்டேட்-க்ரப். இதை விட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்து, மாறவே இல்லை என்று வருகிறவர்கள் உண்டு. அந்தக் கோப்பை க்ரப் நேரடியாகப் படிப்பதில்லை, அப்டேட் செய்யும்போது உருவாகும் வேறொரு கோப்பைத்தான் படிக்கிறது. ஃபெடோராவில் அப்டேட்-க்ரப் கட்டளை கிடையாது, க்ரப்2-எம்கேகான்ஃபிக் பயன்படுத்த வேண்டும்.

4. நோமோட்செட் இல்லை, இருந்தும் டிரைவர் ஓடவில்லை

என்விடியா கார்டு. இங்கே வேலையைக் கெடுப்பது பழைய டிரைவரின் மிச்சம். ஜீஃபோர்ஸ் 8, 9, 200, 300 வரிசைகளுக்கு என்விடியா கொடுத்த கடைசி டிரைவர் 340 வரிசை, அதில் கடைசி வெளியீடு 2019 டிசம்பரில் வந்த 340.108. 400, 500 வரிசைகளுக்கு 390, அதற்கும் 2022-ன் இறுதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. புதிய கெர்னலில் இவை அப்படியே கம்பைல் ஆகாது. ஆனால் இவற்றைப் போட முயன்றதில் நூவோவைத் தடைசெய்யும் கோப்பு மட்டும் உட்கார்ந்துவிடும், அப்போது இரண்டு டிரைவரும் இல்லாத நிலை.

இடிசிக்குள் மாட்ப்ரோப்.டி கோப்புறையில் இருக்கும் கோப்புகளில் பிளாக்லிஸ்ட் நூவோ என்ற வரி இருக்கிறதா என்று க்ரெப் கட்டளையால் தேடுங்கள். லிப் கோப்புறைக்குள்ளும் மாட்ப்ரோப்.டி ஒன்று இருக்கிறது, பலர் அதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். என்விடியா பேக்கேஜ்களை ஏபிடி பர்ஜ் மூலம் நீக்குங்கள். எதையெல்லாம் நீக்கப்போகிறது என்று அது காட்டும் பட்டியலை முழுக்கப் படித்துவிட்டு ஒய் அழுத்துங்கள், டெஸ்க்டாப்பின் பெயரும் அதில் இருந்தால் என் அழுத்தி நிறுத்திவிடுங்கள். பிறகும் பிளாக்லிஸ்ட் கோப்பு மிஞ்சியிருந்தால் அதை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள்.

அடுத்து, இடிசிக்குள் எக்ஸ்11 கோப்புறையில் எக்ஸ்ஆர்க்.கான்ஃப் என்ற கோப்பு இருந்தால் பெயரை மாற்றி வையுங்கள், அழிக்க வேண்டாம். இப்போதெல்லாம் அந்தக் கோப்பு இல்லாமலேயே எக்ஸ் ஓடும், ஆனால் அதில் டிரைவர் என்விடியா என்றோ விஇஎஸ்ஏ (எந்தக் கார்டுக்கும் ஓடும் பொது டிரைவர்) என்றோ எழுதியிருந்தால் அந்தப் பேச்சைத்தான் கேட்கும். கடைசியாக சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு. பிளாக்லிஸ்டின் நகல் ஒன்று பூட்டின் முதல் நொடிகளில் ஏறும் அந்தச் சிறு இமேஜுக்குள்ளும் இருக்கும், வெளியே அழித்தால் மட்டும் போதாது.

நூவோ விளையாட்டுகளுக்கு மெதுவாக இருக்கும். ரெசல்யூஷனுக்கும் வீட்டு வேலைக்கும் அலுவலக வேலைக்கும் அது போதும். இந்த வரிசைக் கார்டுகளுக்குப் பழைய மூடிய டிரைவரைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஏஎம்டி கார்டு. இங்கே பெரும்பாலும் ஃபர்ம்வேர், அதாவது டிரைவர் கார்டுக்குள் ஏற்ற வேண்டிய சிறு நிரல், இல்லாததுதான் சிக்கல். சூடோ டிஎம்இஎஸ்ஜி அடித்து, வெளிவருவதில் ரேடியான் என்று தேடுங்கள். ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை என்று இருந்தால் டெபியனில் ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராஃபிக்ஸ் பேக்கேஜைப் போட வேண்டும். 2023-ல் வந்த டெபியன் 12 முதல் இது நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற தனிப் பிரிவில் இருக்கிறது, 11-லிருந்து மேம்படுத்தியவர்கள் அந்தப் பெயரை சோர்சஸ் கோப்பில் சேர்த்தால்தான் பேக்கேஜே கண்ணுக்குத் தெரியும். உபுண்டுவிலும் மின்டிலும் இந்தச் சிக்கல் அபூர்வம்.

இன்டெல். இங்கே மட்டும் டிரைவர் ஓடும், ஆனாலும் 1024×768-ஐத் தாண்டாது. எக்ஸ்ஆர்ஏஎன்டிஆர் வெளியீட்டை மெதுவாகப் படியுங்கள். உங்களிடம் இருப்பது ஒரே மானிட்டர், ஆனால் எல்விடிஎஸ்-1 என்றோ எஸ்வீடியோ-1 என்றோ இன்னொரு திரையும் “கனெக்டட்” என்று காட்டுகிறதா? ஆட்டம் சிப் வைத்த சின்ன போர்டுகளிலும் 945, 965 சிப்செட்டுகளிலும் இப்படி இல்லாத திரை ஒன்று முளைக்கும். டெஸ்க்டாப் இரண்டிலும் ஒரே படத்தைக் காட்ட முயன்று, இரண்டுக்கும் பொதுவான சிறிய அளவில் நின்றுவிடுகிறது. 3-ல் சொன்ன க்ரப் வரியில் வீடியோ=எல்விடிஎஸ்-1:டி என்று சேர்த்தால் அந்தப் போலித் திரை அணையும், உங்களுக்கு வந்த பெயர் எதுவோ அதைப் போடுங்கள். முதலில் இ அழுத்தித் தற்காலிகமாக, பிறகு கோப்பில்.

எஸ்ஐஎஸ், வியா சிப்செட். இவற்றுக்கு நேரே சொல்லிவிடுகிறேன். எஸ்ஐஎஸ், வியா, சாவேஜ் போன்றவற்றின் பழைய முப்பரிமாண டிரைவர்களை 2023-ல் வந்த 6.3 கெர்னலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். பயோஸ் தரும் மோடுகளுக்குள்தான் பெரும்பாலும் இருக்க வேண்டியிருக்கும். போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இருந்தால் செகண்ட்ஹேண்டில் ஒரு ரேடியான் எச்டி 5450 அல்லது ஜீஃபோர்ஸ் 210 வாங்கிப் போடுவது அந்த சிப்போடு மல்லுக்கட்டுவதைவிட நல்லது.

5. மானிட்டர் தன் அளவைச் சொல்கிறதா?

ஒவ்வொரு மானிட்டரும் தன்னால் எந்தெந்த ரெசல்யூஷன் முடியும் என்ற விவரத்தை 128 பைட் கொண்ட சிறு தொகுதியாக வைத்திருக்கிறது, பெயர் இடிஐடி. கார்டு அதை கேபிள் வழியாகக் கேட்டு வாங்குகிறது. பதில் வராவிட்டால் கெர்னல் எந்த மானிட்டரிலும் ஓடக்கூடிய 1024×768-ல் நின்றுவிடும். உங்கள் திரை சரியாக அந்த அளவிலேயே நிற்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

சிஸ் கோப்புறைக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் போங்கள். கார்டு0-விஜிஏ-1 மாதிரி கோப்புறைகள் இருக்கும், சிலவற்றில் கார்டு1 என்று தொடங்கும். உங்கள் மானிட்டருக்குரியதன் உள்ளே இடிஐடி என்றே ஒரு கோப்பு. அதன் அளவை எல்எஸ் கட்டளையால் பார்க்காதீர்கள், எல்லாம் நன்றாக இருந்தாலும் 0 என்றுதான் காட்டும். டபிள்யூசி -சி கட்டளையால் எண்ணுங்கள். 128 அல்லது 256 வந்தால் விவரம் வந்துசேர்ந்திருக்கிறது, 0 வந்தால் வரவில்லை.

0 என்றால் மென்பொருளை விட்டுவிட்டு கேபிளைக் கழற்றுங்கள். விஜிஏ பிளக்கில் மூன்று வரிசையாக 15 பின்கள், இந்த விவரம் போவது 12, 15 ஆகிய இரண்டில். இரண்டுமே பத்துக்கு மேல் எண்ணுள்ள கடைசி வரிசையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வளைந்து மடங்கியிருந்தாலோ, மலிவான கேபிளில் அந்தக் கம்பியே ஓடாமல் இருந்தாலோ படம் பளிச்சென்று வரும், விவரம் மட்டும் வராது. அதனால்தான் “கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது, படம் வருகிறதே” என்ற வாதம் இங்கே எடுபடாது. நடு வரிசையில் 9-வது பின் இல்லாத கேபிள்கள் சகஜம், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

நடுவில் கேவிஎம் ஸ்விட்ச், ஸ்ப்ளிட்டர், எச்டிஎம்ஐ-விஜிஏ அடாப்டர் ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டு நேராக இணைத்து, மானிட்டரை முதலில் ஆன் செய்து, பிறகு கணினியை ஆன் செய்யுங்கள். வேறொரு கேபிளோடு ஒரு தடவை முயலுங்கள். இங்கேயே சரியாகிவிட்டால் கீழே இருப்பது எதுவும் தேவையில்லை.

6. கையால் மோடைச் சேர்ப்பது

கேபிளும் மாற்றியாயிற்று, இன்னும் விவரம் வரவில்லை என்றால்தான் இது. உதாரணமாக 1600×900 மானிட்டருக்கு சிவிடி 1600 900 60 என்று அடித்தால் மோட்லைன் என்ற சொல்லில் தொடங்கும் ஒரு வரி வரும்:

“1600×900_60.00” 118.25 1600 1696 1856 2112 900 903 908 934 -எச்சிங்க் +விசிங்க்

இதில் மோட்லைன் என்ற சொல்லை விட்டுவிட்டு மீதியை மூன்று கட்டளைகளில் பயன்படுத்த வேண்டும். எக்ஸ்ஆர்ஏஎன்டிஆர் --நியூமோட் போட்டு அந்த வரியை முழுக்க ஒட்டுங்கள். பிறகு --ஆட்மோட், இணைப்பின் பெயர், மோடின் பெயர். கடைசியில் --அவுட்புட், இணைப்பின் பெயர், --மோட், மோடின் பெயர். முதலாவது மோடை உருவாக்குகிறது, இரண்டாவது அதை உங்கள் திரையோடு சேர்க்கிறது, மூன்றாவதுதான் மாற்றுகிறது. வரிசை மாறினால் பிழை வரும்.

இணைப்பின் பெயரை உங்கள் திரையில் பார்த்தபடியே எழுதுங்கள். பழைய இன்டெல் டிரைவரில் விஜிஏ1, புதியதில் விஜிஏ-1, ஒரு கோடு விட்டுப்போனாலும் “கெனாட் ஃபைண்ட் அவுட்புட்” வரும். பேட்நேம் பிழை வந்தால் அதே பெயரில் மோட் ஏற்கெனவே உருவாகியிருக்கிறது, நேராக ஆட்மோடுக்குப் போகலாம்.

மூன்றாவது கட்டளையைத் தனியாக அடிக்காதீர்கள். அதன் பின்னால் ஒரு அரைப்புள்ளி, ஸ்லீப் 15, இன்னொரு அரைப்புள்ளி, அதே கட்டளையை 1024×768-க்கு. எல்லாம் ஒரே வரியில். திரை கறுத்தாலும் 15 நொடியில் தானாகத் திரும்பிவிடும். நன்றாக வந்தால் அதற்குள் கன்ட்ரோல்-சி அழுத்துங்கள், புது அளவிலேயே நிற்கும்.

இரண்டு அளவுகளில் சிவிடி காலை வாரிவிடும்.

1366×768 கேட்டால் அது 1368 தரும், ஏனென்றால் அகலத்தை எட்டால் வகுபடும் எண்ணாக ஆக்கிக்கொள்கிறது. ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப்படும், எழுத்துகள் லேசாகக் கலங்கித் தெரியும். அதற்குப் பதில் இந்த அளவுக்கென்றே தரமாக வகுத்த எண்களைக் கையால் கொடுங்கள்: 85.50 1366 1436 1579 1792 768 771 774 798 +எச்சிங்க் +விசிங்க். முன்னால் மோடுக்கு நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

1920×1080 கேட்டால் மோட்லைனில் பெயருக்கு அடுத்த எண்ணாக 173 மெகாஹெர்ட்ஸ் தரும். பழைய கார்டுகளின் எச்டிஎம்ஐயும் ஒற்றை இணைப்பு டிவிஐயும் 165 வரைதான் தாங்கும், அதனால் மோட் ஏற்கப்படாது அல்லது திரை கறுக்கும். சிவிடி -ஆர் 1920 1080 60 என்று கேளுங்கள், கோடுகளுக்கு இடையிலான வெற்று நேரத்தைக் குறைத்து 138.50-ல் தரும். கார்டு இந்த அளவுக்கு லாயக்கில்லை என்று முடிவுகட்டிய பல இயந்திரங்கள் இந்த ஒரு -ஆர் எழுத்தில் சரியாகிவிடும். பழைய விஜிஏ மானிட்டர் சிலவற்றுக்கு மட்டும் -ஆர் ஒத்துவராது, அங்கே சாதாரண சிவிடியே போதும்.

7. ரீஸ்டார்ட் செய்தாலும் நிற்க

மேலே செய்தது லாக்அவுட் செய்தவுடன் போய்விடும். ஆறாம் கட்டம் நன்றாக ஓடியபிறகுதான் இதற்கு வாருங்கள். சோதிக்காத மோடை நிரந்தரமாக்கினால் ஒவ்வொரு பூட்டிலும் கறுப்புத் திரைதான்.

சுலபமான வழி: ஹோம் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் .எக்ஸ்ப்ரொஃபைல் என்ற கோப்பில் அந்த மூன்று கட்டளைகளையும் எழுதுங்கள், ஸ்லீப் பகுதி இல்லாமல். லைட்டிஎம் (லாகின் திரையைக் காட்டும் நிரல்) வழியாக லாகின் செய்யும்போது அது ஓடும். குறை என்னவென்றால் லாகின் திரை பழைய அளவில்தான் இருக்கும், கணினியில் இன்னொரு பயனர் இருந்தால் அவருக்கும் தனியாகச் செய்ய வேண்டும்.

எல்லோருக்கும் வேண்டுமென்றால் இடிசி, எக்ஸ்11, எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி கோப்புறையில் 10-மானிட்டர்.கான்ஃப் என்று ஒரு கோப்பு. அதில் ஒரு மானிட்டர் செக்‌ஷன் போதும்: ஐடென்டிஃபையர் என்ற இடத்தில் இணைப்பின் பெயர், அடுத்து முழு மோட்லைன் வரி (இங்கே மோட்லைன் என்ற சொல் வேண்டும்), பிறகு ஆப்ஷன் ப்ரிஃபர்டுமோட் என்று மோடின் பெயர், கடைசியில் எண்ட்செக்‌ஷன். ஐடென்டிஃபையரில் மானிட்டர்0 என்று சும்மா எழுதினால் எந்தத் திரைக்கு என்று எக்ஸுக்குத் தெரியாது, அமைப்பு வேலை செய்யாமல் போவதற்கு அதுதான் வழக்கமான காரணம்.

வேலாண்டை விட மனமில்லை என்பவர்களுக்கு க்ரப் வரியே வழி: வீடியோ=விஜிஏ-1:1600×900எம்@60. இதில் இணைப்பின் பெயரைப் போலவே எம் எழுத்தும் பெரிய எழுத்து, அந்த எம் சிவிடி கணக்கில் மோடை உருவாக்கச் சொல்கிறது. கெர்னலே செய்துகொள்வதால் லாகின் திரையும் அதே அளவில் வரும்.

நிரந்தரமாக்கியபின் திரை கறுத்துவிட்டால் கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3, லாகின், நீங்கள் உருவாக்கிய அந்த ஒரு கோப்பை மட்டும் வேறு பெயருக்கு எம்வி செய்து ரீஸ்டார்ட். க்ரப் வரியில் செய்திருந்தால் மெனுவில் இ அழுத்தி அதை எடுத்துவிட்டு எஃப்10 அழுத்துங்கள், உள்ளே போனதும் டிஃபால்ட் கோப்புறையின் க்ரப் கோப்பிலிருந்தும் எடுத்து அப்டேட்-க்ரப் செய்துவிடுங்கள்.